வலையமைப்புத் தொழிலுக்குச் சான்றிதழ் எடுக்கலாமா? திருகோணமலை இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரம் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிப்பவர்கள், கோணேசபுரியில் இயங்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி படிப்பவர்கள், எந்தப் பட்டமும் இல்லாமல் கமரா பூட்டியும் கேபிள் இழுத்தும் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருப்பவர்கள் என மூன்று வகையினரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். கணினி வலையமைப்புத் துறையில் முன்னேறுவதற்கு, வலையமைப்புக் கருவிகளைத் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் தொடக்கநிலைச் சான்றிதழான சி.சி.என்.ஏ போன்றவற்றுக்குப் பணம் செலவழிப்பது பிரயோசனமா என்பதே அக்கேள்வி.

இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்பவர்களை நம்ப வேண்டாம். சான்றிதழுக்கான பாடத்திட்டத்தைப் படிப்பது ஒரு காரியம். பரீட்சைக் கட்டணம் கட்டிச் சான்றிதழைப் பெறுவது இன்னொரு காரியம். முதலாவது இத்துறையில் நிலைக்க விரும்பும் எவருக்கும் பயன் தரும். அதற்குப் பெரும்பாலும் காசும் தேவையில்லை. இரண்டாவது, யார், எந்த வேலைக்காக, எந்தக் கட்டத்தில் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தே பயன் தரும் அல்லது வீணாகும். இவ்விரண்டையும் ஒரே பொதியாகக் கட்டி விற்கும் இடங்களில் பணம் கட்டிவிட்டு, வகுப்பு முடிந்த பின்பு பரீட்சையும் எழுதாமல் வேலையும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளைக் காணும்போது மனம் வருந்துகிறது. ஆகவே இந்த வழிகாட்டி ஒரு வரிசையை முன்வைக்கிறது: வேலையைத் தெரிவு செய்யுங்கள், படியுங்கள், உங்களைச் சோதியுங்கள், கடைசியாகப் பரீட்சைக்குக் காசு கட்டுங்கள்.

முதலில் வேலையைத் தெரிவு செய்யுங்கள்

ஒரு சான்றிதழின் பெறுமதி அதை வாசிப்பவரின் தேவையில் இருக்கிறது. திருகோணமலையிலிருந்து புறப்படும் ஒருவருக்கு முன்னால் ஏறக்குறைய நான்கு பாதைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் உங்கள் விண்ணப்பத்தை வாசிப்பவர் வேறு ஒருவர், அவர் தேடுவதும் வேறு ஒன்று.

உள்ளூர் வேலை முதலாவது. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி வரையிலான கரையோர விடுதிகள், நகரத்துக் கடைகள், தனியார் வைத்தியசாலைகள், பாடசாலைக் கணினி அறைகள் ஆகியவற்றுக்கு வைஃபை, கமரா, பில் போடும் கணினி எல்லாம் ஒழுங்காக ஓடினால் போதும். விடுதி முதலாளி உங்களிடம் சான்றிதழ் கேட்கப்போவதில்லை. பக்கத்து விடுதிக்காரர் உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்பதைத்தான் கேட்பார். இத்தகைய இடங்களில் சிஸ்கோ கருவிகளைக் காண்பது அரிது. மைக்ரோடிக், யூபிக்விட்டி, டி.பி-லிங்க் போன்றவையே அதிகம். ஆகவே இந்தப் பாதையில் நிற்பவர் சான்றிதழ் எடுக்கவே விரும்பினால், லத்வியா நாட்டு நிறுவனமான மைக்ரோடிக்கின் தொடக்கநிலைச் சான்றிதழான எம்.டி.சி.என்.ஏ அவருடைய அன்றாட வேலைக்கு நெருக்கமானது. அதற்கு அங்கீகாரம் பெற்ற பயிற்றுநரிடம் பயிற்சியில் கலந்துகொண்டு, அதன் முடிவில் நடக்கும் பரீட்சையில் 60 சதவீதம் பெற வேண்டும். சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். பயிற்சிகள் எப்போது, எங்கே நடக்கின்றன என்பதை அந்நிறுவனத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

இரண்டாவது, கொழும்பை மையமாகக் கொண்ட வேலை. வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், தரவு நிலையங்கள், கருவிகளை விற்று நிறுவிக்கொடுக்கும் நிறுவனங்கள் ஆகியவை இதில் அடங்கும். இங்கேதான் சி.சி.என்.ஏ உண்மையான கனம் பெறுகிறது, அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஓர் இடத்துக்கு நிறைய விண்ணப்பங்கள் வரும்போது முதற்கட்டமாக அவற்றைப் பிரிப்பவர் பெரும்பாலும் மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவர், அவருக்கு ரவுட்டர்கள் தமக்குள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் ஓ.எஸ்.பி.எஃப் என்ற நெறிமுறை தெரியாது, ஆனால் விளம்பரத்தில் குறிப்பிட்ட சான்றிதழ் விண்ணப்பத்தில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். மற்றக் காரணம் வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. சிஸ்கோ போன்ற உற்பத்தியாளர்களின் பங்காளியாக இருக்கும் நிறுவனங்கள், தமது பங்காளித் தரத்தைத் தக்கவைப்பதற்குக் குறிப்பிட்ட சான்றிதழ்களைக் கொண்ட ஊழியர்களை வைத்திருக்க வேண்டும். அத்தகைய நிறுவனத்துக்கு உங்கள் சான்றிதழ் உங்கள் அறிவைக் காட்டுவதோடு அதன் சொந்த வியாபாரத் தேவையையும் நிறைவேற்றுகிறது. அதனால்தான் அவற்றில் சில, ஊழியரின் அடுத்த பரீட்சைக் கட்டணத்தைத் தாமே செலுத்த முன்வருகின்றன. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் நமக்கு இன்னொன்றும் சேர்கிறது. அங்கே நம்மைத் தெரிந்தவர்கள் குறைவு, சிபாரிசு சொல்ல ஆள் இல்லை; முகம் தெரியாத ஒருவருக்கு நம்மைப் பற்றிச் சொல்ல ஏதாவது ஒன்று தேவைப்படுகிறது.

மூன்றாவது வெளிநாடு, குறிப்பாக வளைகுடா. கட்டாரிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் வரும் வலையமைப்பு வேலை விளம்பரங்களில் சி.சி.என்.ஏ, அதற்கு மேல்மட்டமான சி.சி.என்.பி என்ற பெயர்களை அடிக்கடி காணலாம். ஆனால் அதே வரியில் சில வருட அனுபவமும் கேட்கப்பட்டிருக்கும். சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு முகவரிடம் போகிறவர் கடைசியில் வேறொரு வேலைக்கு அனுப்பப்படும் அபாயம் உண்டு. எந்த முகவராக இருந்தாலும் அவரிடம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்த்த பின்பே கடவுச்சீட்டைக் கையளியுங்கள்.

நான்காவது அரசாங்க வேலை. இதில் சர்வதேசச் சான்றிதழ்களை நம்பிக் காசு செலவழிப்பது பொருத்தமற்றது. இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பச் சேவை உட்பட எந்தப் பதவியிலும், ஆட்சேர்ப்புத் திட்டத்தில் எழுதப்பட்டுள்ள தகைமையே கணக்கில் எடுக்கப்படும். அது பட்டமாகவோ, உயர் தேசிய டிப்ளோமாவாகவோ, தேசிய தொழிற்றகைமையான என்.வி.கியூ மட்டமாகவோ இருக்கும். அரச வேலைதான் இலக்கு என்றால், வர்த்தமானியில் வரும் அறிவித்தலை எழுத்துக்கு எழுத்து வாசித்து, அதில் கேட்கப்பட்டதை முதலில் தேடிக்கொள்ளுங்கள். பல வருடங்களாகக் களத்தில் வேலை செய்தும் எந்தத் தாளும் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. முன் கற்றலை அங்கீகரித்தல் என்ற முறையின் கீழ், வகுப்புக்குப் போகாமலே தமது திறமையை மதிப்பீட்டாளர் முன்னிலையில் காட்டி என்.வி.கியூ பெற முடியும். இதை நம் பகுதியில் போதிய பேர் பயன்படுத்துவதில்லை என்பது என் கவலை.

பட்டம் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதை இடையில் விட்டுவிட்டுச் சான்றிதழுக்கு ஓட வேண்டாம். பட்டம் காலாவதியாவதில்லை, சி.சி.என்.ஏ 3 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். இரண்டாம் வருடத்திலேயே சான்றிதழை எடுத்துவிட்டுப் படிப்பு முடிந்து வெளியே வருபவருக்கு, உண்மையில் தேவைப்படும் நேரத்தில் அதன் ஆயுள் பாதி போயிருக்கும். இறுதி வருடத்தின் பிற்பகுதியே பொருத்தமான காலம்.

வகுப்புச் சான்றிதழ் வேறு, பரீட்சைச் சான்றிதழ் வேறு

இந்தக் குழப்பத்தால் ஏமாறியவர்கள் பலர் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஒரு கல்வி நிலையம் மூன்று மாதம் சி.சி.என்.ஏ வகுப்பு நடத்தி, விழா வைத்து, பொன்னிற ஓரம் போட்ட தாள் ஒன்றைத் தரலாம். அது, அந்த நிலையத்தில் நீங்கள் அந்தப் பாடநெறியைப் பின்பற்றினீர்கள் என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. சிஸ்கோவின் சி.சி.என்.ஏ தகைமை, பியர்சன் வியூ என்ற பரீட்சை அமைப்பின் ஊடாக 200-301 என்ற இலக்கமுடைய பரீட்சையை எழுதிச் சித்தியடைந்தவருக்கு மட்டுமே உரியது. சிஸ்கோவே 1997 முதல் நடத்திவரும் நெட்வேர்க்கிங் அகடமியின் பாடநெறிகளை முடித்தவர்களுக்கும் இதே விதிதான். அங்கே கிடைப்பது பாடநெறி முடித்ததற்கான சான்று, தொழிற் சான்றிதழ் அன்று. உண்மையான சான்றிதழை வேலை தருபவர் இணையத்தில் நேரடியாகச் சரிபார்க்க முடியும். கிரெட்லி தளத்தில் வரும் டிஜிட்டல் இலச்சினையை அழுத்தினால், யாருக்கு, எப்போது வழங்கப்பட்டது, எப்போது முடிவடைகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். வகுப்புச் சான்றை வைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் சி.சி.என்.ஏ என்று எழுதுபவர், அறியாமல் செய்தாலும், பொய் சொன்னவராகவே பார்க்கப்படுவார்.

ஆகவே வகுப்பில் சேருமுன் நிலையத்தாரிடம் நேராகக் கேளுங்கள். இந்தக் கட்டணத்தில் 200-301 பரீட்சைக் கட்டணம் அடங்குகிறதா, இல்லையா? கற்பிப்பவரிடம் காலாவதியாகாத சான்றிதழ் இருக்கிறதா? ஒரு மாணவருக்கு ஒரு கணினி உண்டா, உண்மையான சுவிட்சும் ரவுட்டரும் தொட்டுப் பார்க்கக் கிடைக்குமா? கடந்த வகுப்புகளில் படித்தவர்களில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவர்களோடு பேச முடியுமா? இவற்றுக்குத் தெளிவான பதில் தரும் நிலையத்தில் சேர்வதில் தவறில்லை. மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

புத்தகத்திலும் இதே கவனம் தேவை. 2020 பெப்ரவரி 24ஆம் திகதி சிஸ்கோ தன் சான்றிதழ் முறையை மாற்றியமைத்து, பாதுகாப்பு, கம்பியில்லா வலையமைப்பு எனத் தனித்தனியாக இருந்த சி.சி.என்.ஏக்களை ஒரே பரீட்சையாக்கியது. அண்ணன்மாரிடமிருந்து கைமாறி வரும் புத்தகத்தின் அட்டையில் 200-125 என்ற எண் இருந்தால் அது அந்த மாற்றத்துக்கு முந்தியது. அடிப்படையைப் படிக்க உதவும், பரீட்சைக்குப் போதாது. 2024 ஓகஸ்டில் பாடத்திட்டம் மீண்டும் சற்றே புதுப்பிக்கப்பட்டு 1.1 பதிப்பாக வந்தது.

காசு கட்டுமுன் படித்து முடியுங்கள்

சி.சி.என்.ஏ பரீட்சையின் கட்டணம் 300 அமெரிக்க டொலர். ஒரு டொலரை 300 ரூபாவாகக் கணக்கிட்டால் 90,000 ரூபா, வரி தனி. சித்தியடையாவிட்டால் மீண்டும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், மறுமுறை எழுத 5 நாட்கள் பொறுக்க வேண்டும். 2022இல் ரூபா வீழ்ந்தபோது இந்த ஒரே பரீட்சைக்கான ரூபாத் தொகை எப்படிக் கூடியது என்பதை நினைத்துப் பார்த்தால், டொலரில் கட்டும் எந்தக் கட்டணத்தையும் ஒரே தடவையில் முடிக்க வேண்டியதன் அவசியம் விளங்கும். ஆனால் படிப்புக்கு இவ்வளவு செலவில்லை. சிஸ்கோவின் பக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம். சாதாரண மடிக்கணினியிலேயே பத்துப் பதினைந்து ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் இணைத்துப் பார்க்கலாம். யூடியூபில் முழுப் பாடத்திட்டமும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் விளக்கங்கள் உண்டு. வலையமைப்பைக் காக்கும் தீச்சுவர்க் (firewall) கருவிகளில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஃபோர்ட்டிநெட் நிறுவனம் தன் சுயகற்றல் பாடங்களை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது.

தமிழில் விளங்கிக்கொள்ளுங்கள், ஆனால் வாசிப்பை ஆங்கிலத்தில் செய்யுங்கள். சி.சி.என்.ஏ பரீட்சை தமிழில் இல்லை. கேள்விகள் நீண்ட ஆங்கில வாக்கியங்களில், ஒரு நிலைமையை விவரித்து வரும். பாடம் நன்றாகத் தெரிந்தும் கேள்வியைப் பிரித்து விளங்கிக்கொள்ள நேரம் போதாமல் தோற்றவர்கள் இருக்கிறார்கள். தினமும் ஒரு பக்கமேனும் கருவி உற்பத்தியாளரின் ஆங்கில ஆவணத்தை வாசிப்பது இந்தக் குறையைத் தீர்க்கும். கொழும்பில் வேலை செய்ய எண்ணுபவர்கள் பேச்சுச் சிங்களத்தையும் கூடவே பழகட்டும். தொலைபேசியில் முறைப்பாட்டைக் கேட்டுத் திருத்துவதே தொடக்கநிலை வேலையின் பெரும்பகுதி.

பாடத்திட்டத்தில் எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதற்கு சிஸ்கோ வெளியிட்டுள்ள பங்கீடே வழிகாட்டி: வலையமைப்பு அடிப்படைகள் 20 சதவீதம், சுவிட்சும் கம்பியில்லா இணைப்பும் உள்ளடங்கிய அணுகல் பகுதி 20, ஐ.பி இணைப்பும் வழிப்படுத்தலும் 25, கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டி.எச்.சி.பி போன்ற சேவைகள் 10, பாதுகாப்பு அடிப்படைகள் 15, தானியக்கம் 10. முதல் மூன்றும் சேர்ந்தே 65 சதவீதம். புதிதாகச் சேர்ந்த தானியக்கப் பகுதி கவர்ச்சியாக இருக்கிறது என்று அதிலேயே மாதக்கணக்கில் செலவழிப்பது சரியான கணக்கல்ல.

படித்தது வேலைக்கு உதவுகிறதா என்பதை ஓர் உள்ளூர் உதாரணத்தால் காட்டலாம். நிலாவெளியில் மே முதல் செப்டெம்பர் வரையிலான பருவத்தில் அறைகள் எல்லாம் நிறைந்த ஒரு விடுதியில், மாலையானதும் புதிதாக வந்த விருந்தினருக்கு வைஃபை கிடைப்பதில்லை, பழையவர்களுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அனுபவம் மட்டும் உள்ளவர் ரவுட்டரை நிறுத்தி மீண்டும் போடுவார். சிறிது நேரம் சரியாகும், மறுநாள் அதே கதை. பாடத்தை விளங்கிப் படித்தவர் புதியவரின் மடிக்கணினியை வாங்கி முகவரியைப் பார்ப்பார். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்பது உடனே தெரியும். /24 என்ற அளவுள்ள வலையமைப்பில் பயன்படுத்தக்கூடிய முகவரிகள் 254 மட்டுமே. ஆளுக்கு இரண்டு மூன்று கருவிகள், அதோடு காலையில் அறையை விட்டுப் போனவர்களின் முகவரிகளும் 24 மணிநேரக் குத்தகையில், அதாவது ரவுட்டர் ஒரு முகவரியை ஒரு கருவிக்கென ஒதுக்கி வைக்கும் காலத்தில், பிடிபட்டிருக்கின்றன. குத்தகை நேரத்தை இரண்டு மூன்று மணிநேரமாகக் குறைப்பது ஒரு தீர்வு. /23 ஆக விரித்து 510 முகவரிகளாக்குவது மற்றது. அலுவலகக் கணினிகளையும் கமராக்களையும் வேறு வீலானுக்கு (VLAN, ஒரே சுவிட்சுக்குள் பிரிக்கப்படும் தனி வலையமைப்பு) மாற்றுவது இரண்டையும் விட நல்லது. இந்த அறிவுக்கு 300 டொலர் தேவையில்லை. ஆனால் இதைத் தந்தது சி.சி.என்.ஏ பாடத்திட்டம், அதனால்தான் பரீட்சை எழுதாதவரும் பாடத்தைப் படிக்க வேண்டும் என்கிறேன்.

அதேவேளை, நம் கரையோரத்தில் வேலை செய்பவருக்குத் தேவையான சிலவற்றை எந்தப் பாடத்திட்டமும் முழுமையாகச் சொல்லித் தராது. கடற்காற்றின் உப்பில் கேபிள் முனைகளின் செம்புத் தொடுகைகள் கறுத்துப்போய், இணைப்பு விட்டுவிட்டு வரும். வெளியில் பொருத்தும் கருவிகளுக்கு மூடிய பெட்டியும் நீர்புகா முனைகளும் அவசியம். ஒக்டோபர், நவம்பர் மாத இடிமின்னலில் கட்டடத்துக்குக் கட்டடம் வெளியால் இழுத்த செப்புக் கேபிள் வழியே மின்னழுத்தம் பாய்ந்து சுவிட்சின் வாய்கள் எரியும். செப்பு ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீற்றர் எல்லை என்பது பாடத்தில் வரும். வரவேற்பு மண்டபத்திலிருந்து கடற்கரைக் குடில் வரை ஒளியிழைக் கேபிள் போட்டால் அந்த எல்லைப் பிரச்சினையும் மின்னல் பிரச்சினையும் ஒன்றாகத் தீரும் என்பதைக் களத்தில்தான் கற்க வேண்டும். ஆகவே படிக்கும் காலத்திலேயே அனுபவமுள்ள ஒருவரோடு உதவியாளாகப் போய்வருவது, குறைந்த சம்பளம் என்றாலும், வகுப்பைப் போலவே முக்கியமானது. பருவம் தொடங்குமுன் மார்ச், ஏப்ரலில் விடுதிகளில் திருத்த வேலை நிறைய இருக்கும். வாடைக்காற்றும் மழையுமான மார்கழி, தை மாதங்களில் வேலை குறையும். முன்னதை அனுபவத்துக்கும் பின்னதைப் படிப்புக்கும் ஒதுக்கினால் ஆண்டு வீணாகாது.

உங்களை நீங்களே சோதியுங்கள்

பரீட்சைக்குத் தயாரா என்பதை மனதில் தோன்றும் நம்பிக்கையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். குறிப்பேட்டை மூடிவிட்டு, பக்கெட் ட்ரேசரில் வெறும் திரையிலிருந்து தொடங்குங்கள். 192.168.10.0/24 என்ற வலையமைப்பை நான்கு சம பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 62 கருவிகளுக்கு இடமுண்டு என்பதையும் எல்லைகள் 0, 64, 128, 192 எனத் தொடங்கும் என்பதையும் ஒரு நிமிடத்துக்குள் எழுத முடிகிறதா என்று பாருங்கள். அந்த நான்கையும் நான்கு வீலான்களாக இரண்டு சுவிட்சுகளில் அமைத்து, இடையே எல்லா வீலான்களையும் ஒன்றாகக் கடத்தும் ட்ரங்க் இணைப்புக் கொடுத்து, ஒரு ரவுட்டர் மூலம் ஒன்றோடொன்று பேசவையுங்கள். அதன்பின் ஒன்றை மட்டும் மற்றவற்றிலிருந்து அணுகல் பட்டியலால் தடை செய்யுங்கள். பட்டியலின் முடிவில் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் மறுக்கும் வரி ஒன்று இருப்பதை மறந்தால் முழு வலையமைப்பும் நின்றுவிடும்.

பின்பு ஒரு நண்பரை அழைத்து, நீங்கள் வெளியே நிற்கும்போது ஏதாவது ஒன்றைக் கெடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு ரவுட்டர்களுக்கிடையே ஓ.எஸ்.பி.எஃப் அயலுறவு ஏற்படவில்லை என்றால், ஏரியா எண் பொருந்துகிறதா, ஹலோ நேர இடைவெளி ஒன்றாக இருக்கிறதா, சப்நெட் மாஸ்க் சரியா, முகப்பைத் தவறுதலாக பாசிவ் ஆக்கியிருக்கிறதா என்று ஒரு வரிசையில் தேடத் தெரிய வேண்டும். கட்டிய வலையமைப்பு ஓடுவதைக் காட்டுவதை விட, கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதுதான் இத்தொழிலின் சாரம்; நேர்முகத் தேர்வில் நல்ல பொறியியலாளர் கேட்பதும் இதையே. இந்தச் சோதனையில் தடுமாறாமல் தேறுகிறீர்கள் என்றால் பரீட்சைக்குப் பதிவு செய்யலாம். தடுமாறினால் 90,000 ரூபா இன்னும் கையில் இருக்கட்டும்.

பதிவு செய்யும்போது

சிஸ்கோ கணக்கில் எழுதும் பெயர், பரீட்சை நாளில் காட்டும் அடையாள ஆவணத்திலுள்ள ஆங்கிலப் பெயரோடு பொருந்த வேண்டும். நம்மிடையே தகப்பன் பெயர் முன்னால் வருவதும், சில இடங்களில் முதலெழுத்தாகச் சுருங்குவதும், பாடசாலைச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் எழுத்துக்கூட்டப்படுவதும் வழக்கம். இந்த வித்தியாசத்தால் பரீட்சை மண்டபத்தில் திருப்பி அனுப்பப்பட்டால் கட்டணம் போய்விடக்கூடும். கடவுச்சீட்டில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் பதிந்து, அதையே எடுத்துச் செல்வது பாதுகாப்பு.

வீட்டிலிருந்து எழுத அனுமதி உண்டு. ஆனால் தனி அறை, மூடிய கதவு, கமரா, அறுபடாத இணைப்பு எல்லாம் வேண்டும்; பரீட்சை நடுவே யாரேனும் உள்ளே வந்தாலும் நிறுத்தப்படலாம். கூட்டுக் குடும்பத்தில் வாழ்பவருக்கும், மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத இடத்தில் இருப்பவருக்கும் நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். முந்திய நாளே கொழும்புக்குப் போய், உறவினர் வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்து, நிலையத்தில் எழுதுவதே நல்லது. இரவுப் பேருந்தில் போய் இறங்கி நேராகப் பரீட்சைக்குப் போவது 90,000 ரூபாவைப் பணயம் வைப்பதாகும். பரீட்சைக்கு 120 நிமிடங்கள். ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. செய்முறைக் கேள்விகளும் வரும், அவற்றுக்கு அதிக நேரம் பிடிக்கும். ஆகவே நேரத்தைக் கேள்விக் கணக்கில் சமமாகப் பிரிக்காமல், செய்முறைக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள்.

டம்ப்ஸ் என்ற பெயரில் உலவும் திருட்டுக் கேள்வி-விடைத் தொகுப்புகளைத் தொடவே வேண்டாம். கண்டுபிடிக்கப்பட்டால் சிஸ்கோ சான்றிதழை இரத்துச் செய்து, மேலும் பரீட்சை எழுதவும் தடை விதிக்கலாம். கண்டுபிடிக்கப்படாவிட்டாலும், அப்படிச் சித்தியடைந்தவர் முதல் நேர்முகத் தேர்விலேயே வெளிப்பட்டுவிடுவார். அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு: ஒரு நிறுவனம் நம் பகுதியிலிருந்து வந்த ஒருவரிடம் இப்படி ஏமாந்தால், அடுத்து வரும் நேர்மையான பிள்ளையின் சான்றிதழையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

சித்தியடைந்த பிறகு

சான்றிதழ் கிடைத்த கையோடு அடுத்ததற்குத் தாவ வேண்டாம். சி.சி.என்.பி எண்டர்பிரைஸ் சான்றிதழுக்கு 350-401 என்ற மையப் பரீட்சையும் சிறப்புப் பரீட்சை ஒன்றும் எழுத வேண்டும். இரண்டும் சேர்ந்து 700 டொலர். வேலை அனுபவமே இல்லாமல் சி.சி.என்.பி வைத்திருப்பவரைத் தொடக்கநிலை வேலைக்கு எடுக்கவும் தயங்குவார்கள், மேல்நிலை வேலையை நம்பிக் கொடுக்கவும் தயங்குவார்கள். இரண்டு மூன்று வருடங்கள் உண்மையான வலையமைப்பைப் பராமரித்து, அங்கே தேவைப்பட்ட பிறகு, முடிந்தால் நிறுவனத்தின் செலவில், அதை எடுங்கள். 8 மணிநேரச் செய்முறைப் பரீட்சையைக் கொண்ட, சிஸ்கோவின் நிபுணர் மட்டச் சான்றிதழான சி.சி.ஐ.ஈ அதற்கும் அப்பாற்பட்ட உலகம்; அது வேண்டுமா என்பதை அந்த உயரத்தில் வேலை செய்யும்போது முடிவு செய்துகொள்ளலாம்.

இதற்கிடையில் செய்யும் வேலைகளை எழுதிவையுங்கள். எந்த வகை இடம், எத்தனை கருவிகள், என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன மாற்றினீர்கள் என்பதை, வாடிக்கையாளரின் கடவுச்சொல், முகவரி போன்ற இரகசியங்களை நீக்கி, ஒவ்வொன்றும் அரைப்பக்க அளவில் ஆங்கிலத்தில் குறித்து வந்தால், விண்ணப்பத்தில் சான்றிதழுக்குக் கீழே எழுதுவதற்கு உங்களிடம் விடயம் இருக்கும். மூதூரில் ஒரு பாடசாலைக்கும் கிண்ணியாவில் ஒரு மருந்தகத்துக்கும் செய்த வேலையைத் தெளிவாக விவரிக்கத் தெரிந்தவரை, ஐந்து சான்றிதழ்களின் பெயரை மட்டும் அடுக்கியவருக்கு முன்னால் நான் வைப்பேன்.

பத்து வருடங்களுக்கு மேல் அனுபவமுள்ளவர்கள் தொடக்கநிலைச் சான்றிதழுக்காக வருந்தத் தேவையில்லை. வேலை மாறும் எண்ணம் இருந்து, போகவிருக்கும் இடத்தின் விளம்பரம் அதைக் கேட்டால் மட்டும் எடுங்கள். அல்லது முகில் கணிமை, தீச்சுவர் என்று இதுவரை தொடாத பக்கத்துக்குத் திரும்ப விரும்பினால், அந்தப் பக்கத்துச் சான்றிதழை எடுங்கள்.

புதுப்பித்தலைப் பற்றி ஒன்று. மூன்றாவது ஆண்டு முடியுமுன் சி.சி.என்.ஏயைப் புதுப்பிக்க, மீண்டும் ஒரு பரீட்சை எழுதலாம், அல்லது சிஸ்கோவின் தொடர்கல்வித் திட்டத்தில் 30 புள்ளிகள் சேர்க்கலாம். அவ்வப்போது அறிவிக்கப்படும் இலவசப் பாடநெறிகளாலும் அப்புள்ளிகளில் ஒரு பகுதியைப் பெறலாம். முடிவுத் திகதி ஒரு நாள் கடந்தாலும் சான்றிதழ் இல்லாமற்போகும், பின்பு முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆகவே சித்தியடைந்த அன்றே, இரண்டரை ஆண்டுகளுக்குப் பிந்திய ஒரு திகதியைக் கைத்தொலைபேசியில் நினைவூட்டலாகக் குறித்துவையுங்கள். அந்த நாள் வரும்போது உங்கள் பதவியின் பெயரே உங்கள் தகுதியைக் காட்டப் போதுமானதாக இருந்தால், புதுப்பிக்காமல் விட்டுவிட்டு அந்தப் பணத்தில் ஒரு நல்ல கேபிள் சோதனைக் கருவி வாங்குவதிலும் தவறில்லை.